குடிக்காதவன்ட விஸ்கி விளக்கம்

டூரிஸ்ட் வேன் ஓடுறவனுக்கு ஒரு விதி இரிக்கி: வேன்ல ஏறின சனம் என்ன செஞ்சாலும் ஊருக்குப் பதில் சொல்றது டிரைவர்தான்.

நான் சாய்ந்தமருது. அறுகம்பேக்கு ஹயர் ஓடுறன். இப்பவும் ஆக்கள் அலையில பலகை ஓட்டுறதுக்கு இறங்கிட்டாங்க. அவங்க ஏறி வரும்வரைக்கும் வேனுக்குள்ள இருந்து போன்ல இதத் தட்டுறன். ஹயர் ஓடுற காக்காமாரே, தம்பிமாரே, நீங்களாவது நான் சொல்றத நம்புங்க!

மூக்கால படிச்ச படிப்பு

நம்மட பக்கத்துல இருந்து ரெண்டு மணித்தியால ஓட்டத்துல விஸ்கி வடிக்கிற ஒரு வடிசாலை இரிக்கி. வெள்ளக்காரருக்கு அங்க பகல் சாப்பாடு குடுப்பாங்க. ஒவ்வொரு கறிக்கும் ஒரு சின்னக் கிளாஸ் விஸ்கி. ருசி பாக்கணுமாம். விளக்கம் சொல்றவர் நிமல் ஐயா. அவருக்கு இங்கிலிஷ் கொஞ்சம் தட்டும். அதால நடுவுல நின்டு மொழிபெயர்க்கிறது நான்தான்.

பத்துப் பதினஞ்சு தரம் போனதுல எல்லாம் பாடமாப் போச்சு. எந்த மரத்துப் பீப்பாய், எத்தின வருசம், புகை மணம் எங்க இருந்து வாறது, எல்லாம் தெரியும். சும்மா சொல்லப்படாது, அது பெரிய கலைதான்! ஆனா வல்லாஹி, ஒரு சொட்டும் நாக்குல பட்டதில்ல. எல்லாம் மூக்காலதான். ஒருநாள் ஒரு வெள்ளக்கார அன்ட்டிக்கு, "வாயக் கொஞ்சம் திறந்துக்கிட்டு மணந்து பாருங்க, அப்பதான் முழு மணமும் வரும்" என்டு நானே சொல்லிக் குடுத்தன். நிமல் ஐயா என்ட முதுகுல தட்டிச் சொன்னார்: "தம்பி குடிக்காம இருக்கிறது பெரிய அநியாயம் தானே!"

வட்டிலப்பத்துக்கு நடந்த கொடும

இதக் கேளுங்க. எனக்கு ரத்தம் கொதிச்சது இங்கதான்.

அங்க கோழிக்கும் விஸ்கி, இறாலுக்கும் விஸ்கி. சரி, அது அவங்கட பாடு. நான் வீட்டுச் சோத்துப் பார்சலோட ஒரு மூலையில இருந்திருவன். ஒருநாள் கடைசியா வட்டிலப்பம் வந்திச்சு. பெருநாளைக்கு நம்மட வீட்டுல அவிக்கிற அதே வட்டிலப்பம்! கரண்டிய எடுத்திட்டன். அந்த நேரம் பாத்துச் சமையல்காரர் வந்து, அதுக்கு மேல விஸ்கிய ஊத்தி நெருப்புக் கொளுத்தினார். வெள்ளக்காரர் கை தட்டுறாங்க. நான் குசினிக்கே போய்ச் சண்ட புடிச்சன். "என்ன ஐயா, எங்களுக்கு விட்டிரிக்கிற ஒரே இனிப்புலயும் இதையா ஊத்துவீங்க?" என்டு கேட்டன். அந்த மனுசன் உண்மையா மனம் வருந்திச் சொன்னார்: "கோவிக்க வேணா தம்பி, அடுத்த முறை ஒங்கட பங்குக்குக் கொஞ்சமா ஊத்துறன்."

பிளேன்டி போட்டோ

எனக்குக் குடிக்க பிளேன்டி, அதான் பால் ஊத்தாத வெறும் தேத்தண்ணி, தருவாங்க. ஆனா கோப்பையில இல்ல, அதே விஸ்கிக் கிளாஸ்ல. ஒருநாள் எல்லாரும் கிளாஸத் தூக்கி போட்டோ எடுத்தாங்க. நானும் தூக்கினன். பழக்க தோசம், மூக்குக்கிட்டயும் கொண்டு போயிட்டன். அந்தச் சனியன் புடிச்ச போட்டோவ என்ட பேரையும் சேத்து நெட்டுல போட்டுட்டாங்க.

அந்த நேரம் மருதமுனையில எனக்குக் கலியாணம் பேசிக்கிட்டிருந்தாங்க. புள்ளய எனக்குப் புடிச்சுப்போச்சு, புள்ளைக்கும் என்னப் புடிச்சுப்போச்சு. நம்மட பக்கத்துல மாப்பிள்ளதானே பொண் வீட்டுக்குக் குடி போறது. அதால கதவத் திறக்க முந்தி பள்ளிவாசல்ல, தேத்தண்ணிக் கடையில, சலூன்ல எல்லாம் விசாரிப்பாங்க. என்னைய விசாரிக்க அந்த ஒரு போட்டோ போதாதா? உம்மாக்கிட்ட, அது வெறும் பிளேன்டி என்டு சத்தியம் பண்ணினன். உம்மா போன உத்துப் பாத்திட்டுக் கேட்டா: "பிளேன்டிய என்னத்துக்கு மகன் மோந்து பாத்துக்கு நிக்காய்?"

மாமாட பரீட்சை

புள்ளட வாப்பா ஜும்மா முடிஞ்சு நேரா எங்கட வீட்டுக்கு வந்தார். பென்சன் எடுத்த வாத்தியார். போட்டோவக் காட்டினார். "பிளேன்டி மாமா" என்டன். நம்பிட்டார்! "ஓம், டிரைவர்மாருக்கு அதுதானே குடுப்பாங்க" என்டார். அதோட நான் வாயப் பொத்தியிருக்கணும்.

"அப்ப ரெண்டுக்கும் ஒரே நிறமா மகன்?" என்டு சும்மாதான் கேட்டார். எனக்கு உசார் வந்திட்டு! "இல்ல மாமா, நல்லாப் பாருங்க. விஸ்கி பீப்பாய்ல கிடக்கக் கிடக்கத்தான் நிறம் புடிக்கும். கிளாஸச் சுழட்டினா ஓரத்துல எண்ண மாதிரி மெதுவா வழியும். முதல்ல வனிலா மணம், மறுகா புகை..." திரைக்குப் பின்னால உம்மா இருமுறா, இருமுறா, எனக்கு எங்க கேக்குது? முடிச்சுப் பாத்தா மாமாட தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கு. அவர் எழும்பித் தொப்பிய நேராக்கினார். "மகன், முப்பது வருசம் படிப்பிச்சவன் நான். புத்தகத்தத் தொடாம இவ்வளவு விடை எழுதின புள்ளய இன்னும் காணல்ல."

நேரில வந்த பரிசோதகர்

"கண்ணால பாக்காம மார்க் போடமாட்டன்" என்டு அடுத்த ஹயருக்கு அவரும் வேன்ல ஏறிட்டார். சாப்பாடு முடியும்வரைக்கும் என்ட வாயையே பாத்துக்கிட்டு இருந்தார். நிமல் ஐயாக்கிட்டயும் கேட்டார். "ஒரு சொட்டும் இல்ல சேர், அதுதானே எங்களுக்குக் கவல" என்டு அந்த மனுசன் சாட்சி சொன்னார். மாமாட முகம் மலர்ந்திட்டு. அந்தச் சந்தோசத்துல தனக்குத் தந்த பிளேன்டியத் தூக்கி, வெள்ளக்காரரப் பாத்துச் சிரிச்சார்.

அத ஒருத்தன் போட்டோ எடுத்திட்டான். தொப்பியோட, கிளாஸோட!

ரெண்டு நாள் போக மாமா போன்ல கோல் எடுத்தார். "மகன், படம் எங்கட பள்ளிவாசல் குரூப்புக்கும் வந்திட்டு. கெதியா வந்து எனக்குச் சாட்சிக்கு நில்லுங்க. ஆனா அல்லாஹ்வுக்காக, விளக்கம் மட்டும் சொல்லிராதீங்க."

நிக்காஹ்வுக்கு நாள் வெச்சாச்சு, ஆனா ரெண்டு குடும்பத்துலயும் குடிகாரர் என்டு பேரெடுத்தது ஒரு சொட்டும் குடிக்காத மாமாவும் மருமகனும்தான்.