பாடு முறையில் ஓடிய கார்

காலை ஆறு பத்து. இறால் வியாபாரி பாயின் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, ஒரு காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். அவை மாமாவுடையவை, அதாவது என் அக்கா கணவருடையவை. பழவேற்காட்டிலும் கோட்டைக்குப்பத்திலும் எந்தப் படகு என்ஜின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மெட்ராஸில் ஒரு நாளிதழில் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வைக்கும் மீன் குழம்புக்காக வருவேன். காருக்காக ஒருபோதும் வந்ததில்லை.

கார் பாயின் அப்பா அறுபதுகளில் வாங்கியது. இரண்டு கதவு வைத்த சின்ன வண்டி. உப்புக்காற்று அதன் தரைத் தகட்டைத் தின்றிருந்தது. உள்ளே குனிந்து பார்த்தால் கொட்டகை மண் தெரியும். மெட்ராஸ் கார் கிளப் ஒன்று காட்டூருக்கு அப்பால் ஒரு தரிசில் ஆட்டோகிராஸ் நடத்தப்போவதாகக் கேள்விப்பட்டதும், நான்கு பேர் கூடி இதை ரேஸ் கார் ஆக்குவதென்று முடிவெடுத்தார்கள். மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பழைய டயர்களை நட்டுப் பாதை வகுத்து, ஒவ்வொரு வண்டியாக விரட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் ஆட்டோகிராஸ். வெள்ளைத் தொப்பி போட்டவர்கள் செய்வதால் அதற்கு விளையாட்டு என்று பெயர்.

நால்வரில் பாய் காரைக் கொடுத்தார். மாமாவின் பங்காளிகள் இருவர் டயர்களும் தகரமும் கொண்டுவந்தார்கள். அவற்றைவிட அதிகமாக யோசனைகள் கொண்டுவந்தார்கள். வேலை முழுவதும் மாமாவுடையது. பின்னிருக்கை, பம்பர், கதவின் உள்பக்க அட்டை எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். புதுத் தகடு வைத்துத் தரையை வெல்டு செய்தார். தண்ணீர்க் குழாயை வளைத்துக் கூரைக்குள் கூண்டு கட்டினார். சிலிண்டர் ஹெட்டைப் பொன்னேரி லேத்துக்குக் கொண்டுபோய் இழைத்து வந்தார். பின்பக்கத்தைத் தாழ்த்தினார். அப்படியும் ஒரு குணம் மிச்சம் இருந்தது: வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின் சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி கவிழப் பார்க்கும். மாமா அதை எல்லோரிடமும் சொன்னார். பங்காளிகள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

மாமா இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் கோப்பை அல்ல. மெட்ராஸில் ரேஸ் வண்டிகளைச் செப்பனிடும் பட்டறை முதலாளி ஒருவரிடம் அவர் வேலை கேட்டிருந்தார். "வண்டிய நீயே கட்டி நீயே ஓட்டிக் காட்டு. பாத்துட்டு சேத்துக்கறேன்" என்று அந்த முதலாளி சொல்லியிருந்தார். படகு என்ஜினையும் சேற்றையும் விட்டுப் போக மாமாவுக்கு வேறு வழி எதுவும் வாய்க்கவில்லை.

ஒரு காருக்கு ஓட்டுபவராக ஒருவர் பெயர்தான் கொடுக்கலாம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். மாமா பெயரைத்தான் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஊரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

"நாலு பேரு வண்டி. பாடு போட்டுக்கலாம்" என்றார் பெரிய பங்காளி.

பாடு என்பது ஏரியில் உள்ள முறை. வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். உரிமை உள்ள குடும்பங்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து, அங்கே வலை கட்டும். முறை வந்தவன் சூரனோ சோம்பேறியோ, அன்றைக்கு இடம் அவனுடையது. ஏரிக்கு அது நியாயம். அதைச் சக்கரம் வைத்த வண்டிக்குக் கொண்டுவர ஒரு தனி மூளை வேண்டும்.

"ஏன்டா, வண்டி இன்னா, ஏரியா?" என்றார் பாய். "ஏரில தப்பா வலை கட்டினா மீன் தப்பிக்கும். இதுல நீ தப்பிக்க மாட்டே."

"உங்களுக்குத் தெரியாது பாய். பாடுன்னா பாடுதான்." பெரிய பங்காளி, மாமாவிடம் திரும்பினார். "இன்னிக்கு இங்க வேணான்னுவே. நாளைக்கு ஏரிலயும் வேணான்னுவியா? பஞ்சாயத்துல கேட்டுடலாமா?"

இறால் பருவத்தில் மாமா குடும்பத்தின் பாடு வரவிருந்தது. எல்லோருக்கும் அது தெரியும்.

"போடு சீட்டு" என்றார் மாமா.

"கட்டினது நீங்க மாமா. வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீ பேப்பர்காரன் மச்சான். உனுக்கு ஏரில பாடு கெடையாது. சும்மா இரு."

சீட்டு பெரிய பங்காளிக்கு விழுந்தது. அவருக்குப் படகு நன்றாக ஓட்டத் தெரியும். அதனால் உலகில் உள்ள எல்லாவற்றையும் ஓட்டத் தெரியும் என்ற முடிவுக்கு அவர் வெகுநாள் முன்பே வந்திருந்தார்.

காட்டூர்த் தரிசில் அவர் கிளம்பிய வேகத்துக்கு வெள்ளைத் தொப்பிகள் கை தட்டின. முதல் இரண்டு வளைவுகள் அகலமானவை, பிழைத்தார். மூன்றாவது இறுக்கமானது. அலையில் படகைத் திருப்புகிறவன் முதலில் என்ஜினைத் தணிப்பான். அவரும் தணித்தார். வளைவின் நடுவில் காலை எடுத்தார். பின் சக்கரம் மடங்கியது, கார் உருண்டு, கூரை கீழாக நின்றது.

கூண்டு அவரைக் காப்பாற்றியது. ஜன்னல் வழியே ஊர்ந்து வெளியே வந்தார்.

"நான் கரெக்டாத்தான் திருப்பினேன். வண்டிதான் கேக்கல" என்றார்.

போட்டி பார்க்க வந்திருந்த பட்டறை முதலாளி நடந்து வந்தார். மாமாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வேலை கேட்டு வருகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை போலும். ஆனால் காரின் வயிற்றை நன்றாகப் பார்த்தார். தகட்டின் வெல்டு மீது விரலை ஓட்டினார். சைலன்சர் குழாய் வளைத்திருந்த விதத்தைக் குனிந்து பார்த்தார்.

"யாரு வேலை இது?"

"எங்க நாலு பேரு வேலை சார்" என்றார் பங்காளி, நெற்றியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே.

முதலாளி எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார். பாய் மாமாவைப் பார்த்தார். மாமா இன்னும் சுற்றிக்கொண்டிருந்த முன் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார். யாரோ செய்த பிழைகளைத் திருத்தி நான் சம்பளம் வாங்கிய காலம் அது. அங்கே இருந்த ஒரே பிழையை நான் திருத்தவில்லை.

"அப்டியா" என்று சொல்லிவிட்டு முதலாளி பிரியாணி போட்டுக்கொண்டிருந்த பந்தல் பக்கம் போனார்.

அந்த மாதமே அவர் ராயபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டார்.