கலங்கிய ஊற்று

இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய இடது காலை வென்றாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத அப்பாவை வென்றாள். பெண்பிள்ளை கரைக்குப் போகக் கூடாது என்ற ஊர்ப்பேச்சையும் வென்றாள். தண்ணீர்ப் பயத்தை மட்டும் என் தங்கை பொன்னி வெல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாலாற்றிலிருந்து எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயின் கரையை, மழைக்காலத்தில் தினமும் நடந்து பார்ப்பவரை நீர்க்கட்டி என்போம். அவள் கணவர் எல்லப்பன் நீர்க்கட்டியாக இருந்தார். அந்தக் கால்வாயிலேயே மூழ்கிப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லித்தான் பொன்னியை வைத்தார்கள்.

அந்த மார்கழிக் காலையில் நானும் கூடப் போனேன். கால்வாய் நிரம்பி ஓடியது. பனியில் எதிர்க்கரை தெரியவில்லை. அவள் கரைமேல் நடக்காமல், வெளிச்சரிவின் அடியோரமாகச் செருப்பில்லாமல் நடந்தாள். கசிவு காலுக்குத்தான் முதலில் தெரியுமாம்.

"இன்னாக்கா, இப்டி மூச்சு வாங்குற? வூட்லயே குந்தினு இருக்கலாம்ல?"

"நீ ஒண்டியா போறத பாத்துகினு எப்டி குந்தறது?"

"நீ வந்தா தண்ணி பயந்துக்குமா?"

சிரித்தவள், பனைமர வளைவில் சட்டென்று நின்றாள். காலடியில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கையில் ஏந்திப் பார்த்தாள். டீ நிறத்தில் இருந்தது.

"தெளிவா வந்தா பரவால்ல. கலங்கி வருதுக்கா. உள்ள கரை கரையுது."

அந்தக் கரைக்கு நேர் கீழேதான் எங்கள் தெரு. அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவள் மகள் பிரபா இன்னும் தூங்கிக்கொண்டிருப்பாள். தெருவைப் பார்த்துக் கத்தினேன்.

எல்லப்பனின் தம்பி பார்த்திபன், ஆட்களோடும் கயிறு, கோணி, வைக்கோலோடும் ஓடிவந்தான். வந்ததும் கோணியை ஊற்றின்மேல் அமுக்கப் போனான்.

"டேய் பார்த்தி, அங்க அடைக்காத! பக்கத்துல பொத்துக்கும். தண்ணிக்குள்ள நண்டு வளை கீது. அதத்தான் அடைக்கணும்."

"யாரு எறங்கறது? எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல அண்ணி."

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் ஏறுவதற்கு முன் அந்த வளையைப் பார்த்தவள் பொன்னி ஒருத்திதான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். அவள் பற்கள் அடித்துக்கொண்டன. குளிரால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பார்த்திபனும் நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். கழுத்தளவு தண்ணீரில் நின்று சூம்பிய காலால் துழாவினாள். திடீரென்று தலையைக் காணவில்லை. கயிறு விறைத்தது. வளை அவள் காலை உள்ளே இழுக்கிறது என்று புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். எல்லப்பன் முகம்தான் தெரிந்தது.

"வைக்கோல் குடு!"

கண்ணைத் திறந்தேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக அவள் தலை மேலே இருந்தது. வைக்கோல் கட்டையும், அதன்மேல் மண் அடைத்த கோணிகளையும் காலாலேயே மிதித்துத் திணித்தாள். வெளியே கொப்பளிப்பு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் தெளிந்த நீர் மட்டும் கசிந்தது.

மேலே வந்தவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பொழுது சாயும்வரை அவள் நடுக்கம் நிற்கவில்லை. மறுநாள் விடிந்ததும், "பயமா கீதுக்கா, கூட வா" என்றாள். இருவரும் அதே வளைவுக்கு நடந்தோம்.

அடுத்த வாரம் ஊர் கூடி, இனி பொன்னியே நீர்க்கட்டி என்று தீர்மானம் எழுதியது. கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார்கள். அதைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டாள். பெயர் எழுதப் பிரபா சொல்லிக்கொடுத்திருந்தாள். எழுத்துகள் கோணிக்கொண்டு நின்றன.

"எழுத்துகூட பயந்துகினு கீதுக்கா" என்றாள்.

பொன்னி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 2022 ஜனவரி 5, புதன்கிழமை.