ஒரு வாரம் மூத்த பீம்

என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆறு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய எரிச்சலில் சொல்கிறேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு ஆசையாக எதிரில் போய் நின்றால், "போன வாரம் கட்டினதுதான், சிந்து, எடுப்பா இருந்துச்சு" என்பார். கேட்டிருக்கவே வேண்டாம் என்று ஆகிவிடும்.

அவருக்குச் சொந்த ஊர் திருவதிகை. 2006இல் எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தோம். அவர் காலையில் பஸ் பிடித்துச் சிதம்பரம் போவார், நான் வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பேன்.

தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் மாடி வீடுகளின் கம்பி துருப்பிடித்து, கூரையைத் தாங்கும் பீமெல்லாம் விரிசல் விட்டுக் கிடக்கும். அந்தப் பீம்மேல் கண்ணாடி நாரில் நெய்த துணியைப் பசை போட்டுச் சுற்றினால் எவ்வளவு தாங்கும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. "ஊர்ல பொம்பளைங்களுக்கு நான் ரவிக்கை தைக்கிறேன், நீங்க பீமுக்குத் தைக்கிறீங்களா மாமா?" என்று சீண்டுவேன். சிரித்துவிட்டு விளக்க ஆரம்பித்துவிடுவார். பீமைக் கம்ப்யூட்டரில் வரைந்து, கட்டம் போட்ட துணிபோலச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டம் நகர்ந்தால் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் முழுப் பீமும் எவ்வளவு வளையும் என்று தெரிந்துவிடும். பிறகு நிஜமாகவே ஒரு பீம் வார்த்து, சுண்ணாம்பு அடித்து, எடை ஏற்றி, உடைகிறவரை பார்ப்பார்கள். விரிசல் கண்ணில் படத்தான் சுண்ணாம்பு. கம்ப்யூட்டர் சொன்ன வளைவும் நிஜ வளைவும் ஒத்துப்போனால் கணக்கு சரி.

துணி சுற்றிய பீமை அவர் முதன்முதலில் உடைத்த அன்றுதான் எனக்கு ஐந்தாம் மாதக் கர்ப்பம் கலைந்தது. லேபில் போன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தவர், வெகுநேரம் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "அடுத்த தடவ நான் பக்கத்துலயே இருப்பேன் சிந்து" என்றார். பொய் சொல்ல வராத மனுஷன் சொன்னதால் நம்பினேன்.

அந்தப் பீமும் அவருக்கு நல்லது செய்யவில்லை. கம்ப்யூட்டர் சொன்னதைவிட ரொம்பக் குறைவாக வளைந்திருந்தது. ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார். கூடப் படித்தவர்கள், "கம்ப்யூட்டர்ல கான்கிரீட் பலத்தக் கொஞ்சம் ஏத்திப் போடு மச்சான், ரெண்டும் ஒட்டிக்கும்" என்றார்கள். இவர் மாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு வேணும்ங்கிறதுக்காக அதுக்குப் பலம் ஏறிடுமா?" என்று என்னிடம் வந்து சண்டைபோல் கேட்டார். நான் என்ன கண்டேன்?

2008 ஆயுத பூஜைக்கு இந்தப் பக்திமான் என் தையல் மெஷினைத் துடைத்து, ஒரு இடம் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். மறுநாள் துணியை அழுத்திப் பிடிக்கும் கால் கீழே இறங்கவில்லை. தண்டில் சந்தனம் காய்ந்து இறுகிப் போயிருந்தது. அவசர ஆர்டர், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அசையற எடத்துலல்லாம் சந்தனத்த அப்பிவெச்சா அது எப்படி மாமா எறங்கும்?"

மெஷினின் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றவர், சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

விஷயம் இதுதான். பீம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, கடிகாரம் போன்ற ஒரு கருவியின் ஊசி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பீம் இறங்க இறங்க ஊசியும் கூடவே இறங்க வேண்டும். முந்தின வருஷம் சோதனைக்கு முன்பு வந்த ஆயுத பூஜையில் அந்த ஊசிக்கும் இவரே சந்தனம் வைத்திருக்கிறார். பீம் வளைந்திருக்கிறது, ஊசிதான் பாதியில் சிக்கி நின்றிருக்கிறது. கணக்கில் தப்பே இல்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் சுப்பராயலுவிடம் அன்றைக்கே போய் ஒப்புக்கொண்டார். "புதுசா ஒண்ணு வார்த்துடுய்யா" என்றாராம் அவர். ஆனால் வார்த்த நாளிலிருந்து எண்ணி, எல்லாப் பீமையும் ஒரே வயதில்தான் உடைக்க வேண்டும். நாள் ஆக ஆகக் கான்கிரீட்டுக்குப் பலம் கூடும், தள்ளிப்போட்டால் முன்பே உடைத்த மற்ற பீம்களோடு ஒப்பிட முடியாது. நல்லவேளை, சோதனை நாளுக்குப் பிறகுதான் எனக்குப் பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதி. "ஒண்ணும் இடிக்காது சிந்து" என்றார்.

என் மகளுக்கு அந்தத் தேதியெல்லாம் தெரியாதே. சோதனை நாளன்று காலையிலேயே வலி எடுத்துவிட்டது. வெளியே அடைமழை. பீமுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஏற்றி வைத்து, எடை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில் அவருக்குப் போன் போயிருக்கிறது. இந்த முறை எடுத்தார். பஸ் பாதி வழியில் நின்றுபோக, யாரோ ஒருவருடைய வண்டியில் தொற்றிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரிக்குள் வந்து நின்றார்.

"பீம் என்ன ஆச்சு மாமா?" என்றேன் வலியோடு.

"அது கெடக்குது. நீ என் கையப் புடிச்சுக்க."

மகள் பிறந்தாள். வெண்மதி என்று பேர் வைத்தோம். அதன்பிறகும் அவர் நகரவில்லை. வெந்நீர் வைத்தார், துணி அலசினார், பிள்ளையைக் கையில் வாங்கப் பயந்து பயந்து வாங்கினார். "போங்க மாமா, கணக்கு கெட்டுடும்" என்று நான்தான் விரட்டினேன். "கெட்டா கெடட்டும்" என்றார். அந்த வாய் அப்படிச் சொல்லும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஒரு வாரம் கழித்துப் போய் உடைத்தார். பீமோடு வார்த்து வைத்திருந்த கான்கிரீட் கட்டிகளையும் அன்றே நசுக்கிப் பார்த்து, அந்த ஒரு வாரத்தில் கூடியிருந்த நிஜப் பலம் எவ்வளவோ அதையே கம்ப்யூட்டரில் போட்டார். கம்ப்யூட்டர் சொன்ன வளைவுக்கும் நிஜ வளைவுக்கும் வரைந்த இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன.

2011இல் அவருடைய ஆராய்ச்சிக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. எல்லாரும் உட்கார்ந்து கேட்கலாம் என்றதால் நானும் வெண்மதியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"எல்லாப் பீமும் ஒரே வயசு. இது மட்டும் ஏன் ஒரு வாரம் கூட? ஏதாவது ஆராய்ச்சிக் காரணம் உண்டா?"

ஏதாவது பெரிய காரணமாகச் சொல்லித் தொலைங்களேன் என்று மனசுக்குள் மாமாவைக் கெஞ்சினேன்.

"ஒரு காரணமும் இல்லீங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். "அன்னிக்கு என் பொண்ணு பொறந்தா."