கடுக்காய் கறுத்த இடம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் கடுக்காய் பொறுக்க அமிர்தவள்ளியை விட்டால் ஆளில்லை. ஒரு காயை உடைத்து நாக்கில் வைத்தாலே தோலுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருஷமாக அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. 1926 தை மாசம் அந்தப் பேருக்குக் கேடு வந்தது. பதனிட்ட தோலெல்லாம் கரும்புள்ளி. முதலாளி ஆபித் பாஷா கோபக்காரர் இல்லை, ஆனாலும், "கெட்ட காய நீதான் பாக்காம வுட்டுட்ட. நாளையிலேருந்து வராத" என்று சொல்லிவிட்டார்.

வேறு யாராவதாக இருந்தால் அழுது முடித்து அடுத்த ஷாப்பு வாசலில் போய் நின்றிருப்பார்கள். இவள் தனிக்கட்டை, பிடிவாதக்காரி. காதில் கிடந்த கம்மலை விற்று, கடுக்காய் மூட்டை வருகிற விசாகப்பட்டணத்துக்கே ரயில் ஏறினாள்.

அங்கே கடல் வளைந்து மலைகளுக்கு நடுவே புகுந்து கிடக்கிறது. அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. கொஞ்ச நேரம் நின்றாள், அவ்வளவுதான். சந்தையில் கற்ற அரைகுறைத் தெலுங்கோடு மலையேறி, நாலு நாளில் ஐந்து ஊர் பார்த்துவிட்டாள். மலைக்காரப் பெண்கள் கூழ் ஊற்றினார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள். அவர்கள் பாறையில் காயவைத்த காயில் சொல்ல ஒரு குறை இல்லை. அப்படியானால் கெட்டது எங்கே? மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியிலேயே உட்கார்ந்து கரைக்கு இறங்கினாள்.

கரையில் அந்த வருஷம் புதிதாக வந்திருந்த கிடங்குக்காரன், கடல்காற்றில் நமுத்துப்போன காயைத் துருப்பிடித்த இரும்புத் தகடுகளில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தான். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துப்போகும்; ஷாப்பில் தொட்டியருகே ஓர் ஆணியைக்கூட விடமாட்டார்கள். காயின் சுருக்கங்களில் ஒட்டிய துரு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வந்த ஆத்திரத்துக்கு அவனைக் கடலில் தள்ளியிருப்பாள். தள்ளவில்லை. தகட்டுக்காயில் ஒரு முடிச்சு, மலைக்காயில் ஒரு முடிச்சு கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

முதலாளி கண்ணெதிரே இரண்டையும் இரண்டு மண்சட்டியில் ஊறவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தோல் துண்டைப் போட்டாள். மறுநாள் ஒரு துண்டு நல்ல மஞ்சளாக இருந்தது. மற்றது புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது.

ஆபித் பாஷா இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "தப்பு என்னுதுதாம்மா. நாளைக்கே பழைய வேலைக்கு வந்துடு" என்றார்.

"பழைய வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க மொதலாளி. இனிமே மலைக்குப் போய் காய் வாங்கறது நான்."

"பொம்பள, தனியா அவ்ளோ தூரம் எப்டிம்மா போவ?"

அமிர்தவள்ளி கறுத்த துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இப்ப யாரு போய்ட்டு வந்தது?"

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம், தை பிறந்தால் அவள் ஆம்பூரில் இருந்ததில்லை.