ஒரு தடவை விழுந்தவர்

அறுபதுகளில் செம்பூரில், பூச்சி மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியின் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். மாதுங்காவிலிருந்து தமிழ் டாக்டர் ஒருவர் வாரம் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர் என்ற நினைப்பு எனக்கு. அந்தத் திமிரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஒரு திங்கட்கிழமை பவுடர் செக்‌ஷனிலிருந்து தேவசகாயத்தைத் தூக்கி வந்தார்கள். தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர். கைகால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. அவர் கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். சில நிமிடத்தில் தானாக நின்றது. தெளிந்ததும் கேட்டேன்.

"முன்னாடி உங்களுக்கு வலிப்பு வந்திருக்கா?"

"சின்னப் பிள்ளையில காய்ச்சல்ல ஒருக்க இழுத்துச்சுன்னு எங்கம்மை சொல்லுவா. பொறவு இல்லய்யா."

எனக்கு அது போதும். ஒரு தடவை வந்தாலும், தீராத வியாதியானாலும், நம் பேச்சில் எல்லாமே வலிப்புதானே. ரெஜிஸ்டரில் ‘எபிலெப்ஸி’ என்று எழுதினேன். ஸ்பெல்லிங் சரியாக வந்ததில் பெருமை வேறு.

மானேஜர் அதைப் படித்தார். "மிர்கிவாலா நஹி சலேகா" என்றார். காக்காய் வலிப்புக்காரன் இங்கே வேண்டாம் என்று பொருள். அன்று மாலையே தேவசகாயத்துக்கு வேலை போயிற்று.

புதன்கிழமை டாக்டர் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"ஒரு தடவை விழுந்ததுக்கா இப்படி எழுதினே? ஃபிட்ஸ்ங்கறது நடந்த சம்பவம். எபிலெப்ஸிங்கறது வியாதி. தனிக் காரணம் இல்லாம திரும்பத் திரும்ப வந்தாத்தான் அந்தப் பேர். குழந்தைக்குக் காய்ச்சல்ல வர்றது அதுல சேராது. விஷம் உள்ளே போனா உனக்கும்தான் வரும். அந்தப் பவுடரை யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. டாக்டர் மானேஜரிடம் போய்ப் பேசினார். எழுதியதை அடிக்க முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பவுடரைச் சந்தேகிப்பதைவிட என் எழுத்து அவர்களுக்குச் சௌகரியம்.

அடுத்த மாதம், தேவசகாயத்தின் இடத்துக்கு வந்தவரும் அதே செக்‌ஷனில் அதே மாதிரி விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். வலிப்புக்காரர் என்ற பேர் பரவியதால் வேறு எந்தக் கம்பெனியும் தேவசகாயத்தைச் சேர்க்கவில்லை.

"உங்களுக்கு அந்த வியாதி இல்லை" என்றேன்.

"எம் பிள்ளையக்கூட எங்கையில தரமாட்டேங்காவ, விழுந்துருவேனாம். எங்கிட்ட சொல்லி என்னய்யா செய்ய? எழுதின இடத்துலல்லா சொல்லணும்."



ரிட்டயர் ஆகும்வரை, கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதினேன். இன்று ரெஜிஸ்டர் எழுதுகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். ஒருவர் விழுந்தால் விழுந்தார் என்று எழுதுங்கள். வியாதியின் பெயரை டாக்டர் வைக்கட்டும். தேவசகாயத்தின் பக்கத்தை மட்டும் கடைசிவரை யாரும் திருத்தவில்லை.