எங்கள் கமியோன் நன்றாகத்தான் ஓடியது

போன வாரம் போ பசானில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்துக் கடையில் ஒருவர் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த ரப்பர் பசையின் வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். பஸ் வந்தது, போனது. போகட்டும். பதினேழு வயதில் என் கையில் மஞ்சள் மணத்தைவிட இந்த வாடைதான் அதிகம் என்றால் நீங்கள் நம்புவீர்களா?

அப்போது இந்தத் தீவின் நடுவில், சேன் பியேர் ஊரில் இருந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்தது, டயர் மட்டும் இன்னும் வந்துசேரவில்லை. அப்பாவிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று கரும்பு ஏற்றும் லாரி. வீட்டில் தமிழும் கிரியோலும் கலந்தே பேசியதால் எங்களுக்கு அது கமியோன். மற்றது வாடகைக்கு ஓடும் கறுப்புக் கார். இரண்டும் எனக்கு மூத்தவை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாட்டரி. கார் கல்யாணத்துக்குப் போனால் அன்று கமியோனுக்கு விடுமுறை. டயர் கிழிந்தால் உள்ளே காய்ந்த புல்லைத் திணிப்போம். டியூபுக்கு ஒட்டுப்போடுவது என் வேலை. பசை தடவி, அம்மிக் குழவியை மேலே வைத்து அழுத்துவேன். சட்னியில் ரப்பர் மணக்கிறது என்று அம்மா கடைசிவரை சொன்னாள். எனக்கென்னவோ மணக்கவில்லை.

ஊருக்கு எங்கள் வண்டி ஒரு வேடிக்கை. யாராவது தாமதமாக வந்தால், "என்ன, அவங்க கமியோன்ல வந்தியா?" என்பார்கள்.

அந்த வருடம் அறுவடை நடுவில், கூலி போதாது என்று கரும்பு வெட்டுகிறவர்கள் வேலையை நிறுத்தினார்கள். பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தம். மீதிப் பேர் அக்கம்பக்கம். எஸ்டேட் மேனேஜர், வடக்கே ரிவியேர் டு ராம்பாரிலிருந்து வேறு ஆட்களை ஏற்றி வரத் திட்டமிட்டு, அப்பாவைக் கமியோனோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எங்கள் சோற்றில் முக்கால்வாசி அந்த எஸ்டேட் சோறு.

அப்பா அந்த ஆட்களை ஏற்றப்போவதில்லை என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் சண்டை.

"கமியோன் காசேன்னு சொல்லிடுங்க," என்றாள் அம்மா. காசே என்றால் உடைந்துவிட்டது. "நம்பாத ஆளு யாரு? ஊரே நம்பும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அப்பாவைச் சுட்டது. "இப்பதான் வால்வு தேச்சு மாட்டியிருக்கேன். தையல் மிஷின் மாதிரி ஓடுது. அதைப் போயி செத்துப்போச்சுன்னு சொல்லவா?"

"அப்ப நடந்தாவது போங்க!"

நடக்கவில்லை. கமியோனிலேயே போனார். அவர் வாயை நான் கட்டிப்போடுவேன் என்று நம்பி அம்மா என்னையும் ஏற்றிவிட்டாள். பாவம் அம்மா.

மேனேஜர் அலுவலக வராந்தாவில் நின்றிருந்தார். தப்பிக்க ஒரு வழியை அவரே திறந்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "என்ன, உன் கமியோன் மறுபடி காசேயா?" என்று கேட்டார். இங்கே வரைக்கும் நொண்டி வந்தது, வடக்குவரை தாங்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மோ கமியோன் பியென் பொன், மிசியே. மே மோ பா பூ அலே," என்றார் அப்பா. என் கமியோன் நன்றாகவே இருக்கிறது ஐயா, ஆனால் நான் போக மாட்டேன்.

மேனேஜரின் சிரிப்பு நின்றது. இனி அப்பாவுக்குக் கரும்பு லோடு கிடையாது என்றார். அப்பா தலையாட்டிவிட்டு வந்து, எஞ்சினைக் கிளப்பும் கிராங்குக் கம்பியைச் சுற்றினார். எத்தனையோ விடியற்காலைகளில் எங்களை அழவைத்த அந்த எஞ்சின் அன்று ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. நான் சிரித்துவிட்டேன்.

வேலைநிறுத்தம் முடிந்தது. கூலி கொஞ்சம் கூடியது. எங்களுக்கு லோடு இல்லை. வெட்டுகிறவர்களில் ஒருவரே, "ஒரு பொய் சொல்லியிருக்கலாமேண்ணே," என்றார்.

"நீங்க பொய் சொல்லியா வேலைய நிறுத்துனீங்க?" என்றார் அப்பா.

கமியோனைக் காப்பாற்றக் காரைப் பலிகொடுத்தோம். பாட்டரி, விளக்கு, ஒயர் என்று ஒவ்வொன்றாகக் கமியோனுக்குப் போனது. பின்சீட்டை அம்மா சமையலறைக்கு எடுத்துக்கொண்டாள். முட்டைக்கோஸும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு போர்ட் லூயி சந்தைக்கு ஓடினோம். நானும் கூடவே போனேன். என் படிப்பு அதோடு நின்றது. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் பொய். அப்பாமேல் கோபம் உண்டா என்றால், இல்லை. இன்று யார் கேட்டாலும் அவர் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

அடுத்த அறுவடைக்கு எஸ்டேட்டில் லாரி போதவில்லை. அதே மேனேஜர் ஆள் அனுப்பினார். எங்கள் கமியோன் முட்டைக்கோஸ் பாரத்தோடு வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்பா, வந்தவனிடம் நிதானமாகச் சொன்னார்:

"போயி சொல்லு. கமியோன் காசே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வந்த 1968வரை அது ஓடியது. அதற்குமேல் உதிரிப் பாகம் எங்கும் கிடைக்காமல், பழைய இரும்புக்காரருக்கு விற்றோம். கட்டி இழுத்துப்போக அவர் கயிறோடு வந்தார். அப்பா அந்தக் கயிற்றை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, தானே ஏறி ஓட்டிக்கொண்டுபோய் இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு வீட்டுக்கு நடந்து வந்தார்.

இன்று இரும்புக் கடை இருந்த இடத்தில் மாடி வீடுகள். எஸ்டேட்டின் சர்க்கரை ஆலையையும் மூடிவிட்டார்கள், அறுவடைக் காலத்தில் ஊர் முழுவதும் அடித்த பாகு வாசம் இப்போது இல்லை. அப்பா நடந்து வந்த சாலையில் நடக்க இடமே கிடையாது, அவ்வளவு வண்டிகள். எல்லாமே புதுசு.