வாசலில் இரண்டு ஜோடி

கதவைத் தட்டுவதற்கு முன்னால் தம்மபாலன் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிடுவார். நான்கு ஜோடி கிடக்க, "நாங்க மூணு பேருதான்" என்று வீட்டுக்காரம்மா சொன்னால், டேப்லெட்டில் உடனே மூன்று போட்டுவிட மாட்டார். "அந்த நீலக் கலர் ஹவாய் யாருதும்மா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார். புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்திருக்கும் மகளோ, வேலை தேடி வந்த மச்சானோ கணக்கில் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

வயது ஐம்பத்து மூன்று. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. டேப்லெட் வந்த பிறகு பேனா எதற்கு என்றால், "அது இல்லன்னா சர்வேகாரன்னு எவன் நம்புவான்?" என்பார். தண்ணீர் கொடுத்தால் குடிப்பார், காபி கொடுத்தால் கும்பிட்டு மறுப்பார். காபி குடித்த வீட்டில் பொய் சொன்னாலும் மறு கேள்வி கேட்க மனசு வராதாம்.

சோப்பு, கொசுவர்த்தி, செல்போன் என்று கோலார் தங்கவயல் முழுக்கக் கேள்வி கேட்டு நடந்தவர், இப்போது பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்காக நடக்கிறார். பேசினால் கேட்டுக்கொண்டு விண்ணப்ப பாரம் நிரப்பித் தருகிற செயற்கை நுண்ணறிவு மெஷின் ஒன்று செய்திருக்கிறார்களாம். அப்படி ஒரு புதுச் சரக்கு ஊருக்குள் வந்தால், யாரைப் பார்த்து யார் அதைத் தொடுவார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. ஊரையே கம்ப்யூட்டருக்குள் கட்டி, வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்து, ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். "நெஜ ஊருல பாத்தா பத்து வருஷம். உள்ளார அரை நிமிஷம்" என்பது தம்மபாலனின் விளக்கம். எந்தக் குடியிருப்பில் புள்ளிகள் நன்றாகப் பற்றிக்கொள்கின்றனவோ அங்கே மெஷின் வரும்.

அது சாம்பியன் ரீப்ஸில் தன் லைனுக்கு, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த வரிசை வீடுகளுக்கு, வர வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. பக்கத்து வீட்டு பார்வதம்மா பென்ஷன் பாரத்துக்காக ஆண்டர்சன்பேட்டைக்கு அலைந்து அலைந்து முழங்கால் வீங்கிக் கிடக்கிறார். ஆனால் சொந்தத் தெருவில் சர்வே எடுக்கக் கூடாது என்பது விதி. தம்மபாலனுக்கு ஊரிகம் பகுதியைக் கொடுத்தார்கள். அவர் லைன், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த டேவிட்டுக்குப் போனது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, ஆராய்ச்சியாளர் நளினி சுவரில் அந்தக் கம்ப்யூட்டர் ஊரைக் காட்டினார். மெஷினைத் தொட்ட வீடு பச்சை; சாம்பல் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. ஊரிகம் பச்சை. ஆண்டர்சன்பேட்டை பச்சை. சாம்பியன் ரீப்ஸில் ஓர் இடத்தில் மட்டும் பச்சை வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் புள்ளிகளே இல்லை.

தம்மபாலன் எழுந்து சுவரருகே போனார். தெருக் குழாயடி இருக்கும் இடத்திலிருந்து வீடுகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்து வெறுஞ்சுவரில் நின்றார்.

"மேடம், இங்க எங்க வூடு கீது."

"அந்த லைன்ல இருபத்தாறு வீட்ல இருபத்து மூணு ஆள் இல்லாத வீடுன்னு வந்திருக்கு சார். அதனால அந்த லைனை விட்டுட்டோம்."

"நானும் எம் பொண்ணும் இருக்கறோமே!"

கூடத்தில் சிரித்தார்கள். டேவிட் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் தம்மபாலனுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. வாசலில் செருப்பு இல்லாவிட்டால் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்காதே என்று அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவர் லைனிலோ அநேகமாக எவர் வீட்டு வாசலிலும் செருப்பு கிடக்காது. அங்கே ஒரு நாய். வேளை தவறாமல் வருவதால் அதற்கு ஷிப்ட் என்று பெயர். ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு போய்விடும். அதனால் எல்லாரும் செருப்பை வீட்டுக்குள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

எல்லாக் கதவையும் தட்டியே ஆக வேண்டும். தட்டாதவருக்கு வேலை இல்லை. அதை வேலைக்குச் சேர்ந்த அன்றே நளினி சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போவது டேவிட்டின் வேலை மட்டும்தான். தம்மபாலன் பேனாவைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"அவன்மேல தப்பு இல்ல மேடம். செருப்பு பாத்து எழுதுன்னு சொன்னது நான்தான். ஊரிகத்துல பதினோரு வூடு நானும் அப்டிதான் வுட்டேன்."

நளினி இருவர் பெயரையும் குறித்துக்கொண்டார். பிறகு, திங்கட்கிழமை கணக்கை முடித்தாக வேண்டும், ஞாயிறு ஒரு நாள்தான் இருக்கிறது, அவரவர் விட்டதை அவரவர் எடுத்துவாருங்கள் என்றார். "உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம் சார்."

அன்று சாயங்காலமே தம்மபாலன் தன் லைனில் கதவு கதவாகத் தட்டினார். காலையில் டேவிட் வருவான், செருப்பை வெளியே வையுங்கள் என்றார். அவனே தட்டுவான்தான். இருந்தாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"நாளெல்லாம் உள்ளதானே கீறேன், இன்னா ஆள் இல்லாத வூடு?" என்று பார்வதம்மா சண்டைக்கு வந்தார். "நாய் தூக்கினு போனா நீ வாங்கித் தருவியா?"

"நாய நான் பாத்துக்கறேன், போங்க."

ஞாயிறு காலை. வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் பெங்களூரு ரயில் பிடிக்கும் மகள் நிவேதா அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல், கட்டிலுக்கு அடியிலிருந்த அவள் செருப்பை எடுத்துவந்து வாசலில் வைத்தார். நிமிர்ந்து பார்த்தால், லைன் நெடுகச் செருப்புகள். பார்வதம்மா தன் மருமகளின் பழைய ஜோடியையும் சேர்த்தே வைத்திருந்தார்.

பையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. ஷிப்ட் ஏற்கெனவே வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஊரிகத்துக்குக் கிளம்ப நான்கு எட்டு வைத்தவர், நின்று தன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு ஜோடி.

திரும்பி வந்தார். காலிலிருந்ததைக் கழற்றி, மகளின் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். பிறகு ஒரு பிஸ்கட்டைக் காட்டி நாயைக் கூப்பிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஊரிகம் பக்கம் நடந்தார்.